கிளையை ஏன் விட்டுவிட்டார்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. ஆஞ்சியோ செய்ததில், இதய ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்திலேயே அடைப்பு என்றார்கள். பெரிய குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, கிளைக்கு வெறும் பலூன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதே அடைப்புக்கு என் தம்பியின் மாமனாருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்களாம். எங்களுக்குப் பாதி வேலைதான் செய்தார்களா? இது எத்தனை வருஷம் தாங்கும்?
- வாசகி, கரூர்

பதில்: பாதி வேலை இல்லை அம்மா. நானாக இருந்தாலும் முதலில் அப்படித்தான் செய்திருப்பேன்.

கவட்டை போலப் பிரியும் இடத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை விரித்ததும், கிளையின் வாய் நசுங்கினாற்போலத் திரையில் தெரியும். பார்க்கவே பதறும். அந்தப் பதற்றத்தில் ஆரம்ப காலத்தில் நானும் கிளைக்குள் இரண்டாவதை வைத்திருக்கிறேன். பிறகு, அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கத் தொடங்கினோம். கண்ணுக்கு அடைப்பாகத் தெரிந்த பல கிளைகளில் ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது.

வடக்கு ஐரோப்பாவில் 413 பேரை இரண்டு பிரிவாக்கி 5 ஆண்டுகள் கவனித்தார்கள். இதயத்தால் மரணம், மாரடைப்பு, திரும்பவும் அடைப்பு நீக்க வேண்டிய நிலை எல்லாம் சேர்த்து, பெரிய குழாயில் மட்டும் வைத்தவர்களில் 15.8 சதவீதம், கிளையிலும் வைத்தவர்களில் 21.8. இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது ஸ்டென்ட்டால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பது தெளிவு.

மாமனாருக்குச் செய்தது தவறென்று நினைத்துவிடாதீர்கள். கிளை பருமனாக இருந்து, அடைப்பும் அதற்குள் நீளமாக ஓடியிருந்தால் இரண்டு தேவைப்படும்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். ஸ்டென்ட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதைக் காப்பது மாத்திரை. என்னிடம் வந்த ஒருவர், ஸ்டென்ட் வைத்து 2 மாதம்கூட ஆகாத நிலையில், பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டையும் தானாகவே நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். சட்டைப் பையில் பிரிக்காத மாத்திரை அட்டை. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. உயிரைக் காப்பாற்றினோம், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இன்று ஒரு மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால் பல் டாக்டரோ வேறு யாரோ நிறுத்தச் சொன்னாலும், உங்கள் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். ஆஸ்பிரினோடு தரும் இரண்டாவது மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பதை அவரே சொல்வார். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்கட்டும். பீடி, சிகரெட் வீட்டு வாசலுக்கே வரக் கூடாது.

நடக்கும்போது பழைய இறுக்கம் திரும்ப வந்தால் அன்றே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலித்தால், காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், வருஷா வருஷம் ஆஞ்சியோ தேவையில்லை.