நாள் முழுக்கக் கடலிலேயே போகும் கப்பலில் பொழுது போகுமா?

கேள்வி: சுற்றுலாக் கப்பலில் முதல் முறையாகப் போகிறோம். இடையில் ஒரு நாள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது என்கிறார்கள். அன்று என்ன செய்வது? அலுப்புத் தட்டாதா?

அலுப்புத் தட்டும், கப்பலில் தரும் நிகழ்ச்சி நிரலை ஒன்றுவிடாமல் முடித்தே தீருவது என்று கிளம்பினால்.

கரை காணாத நாள்தான் கப்பலுக்குக் கல்லா நிறையும் நாள். துறைமுகத்தில் நிற்கும்போது உள்ளூர்ச் சட்டமும் வரி விதிகளும் குறுக்கே வருவதால், சூதாட்ட அரங்கும் வரியில்லாக் கடைகளும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். கடலுக்குள் போனதும் எல்லாம் திறந்துவிடும். அன்றைய நிரலில் 'நவரத்தினங்களை அறிவோம்' என்றொரு கருத்தரங்கு இருந்தால், அது முக்கால்வாசி நகை விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத் தள்ளுபடி, அழகு நிலையச் சலுகை, பிங்கோ என்ற எண் விளையாட்டு எல்லாமே அன்றைக்குத்தான் குவியும். வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த நாளின் நல்ல சமாசாரங்கள் எதற்கும் அங்கே பில் போடுவதில்லை.

காலை ஆறு மணிக்கு மேல்தளத்துக்குப் போங்கள். ஊழியர்கள் தளத்தைக் கழுவிவிட்டுச் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கப்பல் 20 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். எதிர்க்காற்று அடித்தால் அந்த வேகமும் சேர்ந்துகொண்டு முகத்தில் அறையும். தொப்பி போனது போனதுதான். அதே காற்று பின்னாலிருந்து கப்பலின் வேகத்திலேயே வந்தால் தளத்தில் ஓர் இலைகூட அசையாது. நடுக்கடலில் காற்றே இல்லாமல் புழுங்குவதை அப்படியொரு நாளில்தான் நான் முதலில் நம்பினேன்.

ஒன்பது மணிக்குள் அந்த நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் துண்டுகள் படுத்திருக்கும். துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது என்று அறிவிப்பு இருக்கிறது. அந்தத் துண்டை எடுக்கும் கைகள்தான் அரிது. நீச்சல் குளத்தருகே சண்டை போடுவதைவிடக் கப்பலின் பின்புறத்தில் ஒரு நாற்காலி தேடுங்கள். உந்துவிசிறிகள் கலக்கிய தண்ணீர் காற்றுக் குமிழிகளால் வெளிர்நீலமாகி, அடிவானம் வரை சாலை போட்டுக்கொண்டு போகும். தரையிலிருந்து பார்க்க வாய்க்காத காட்சி அது.

நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார்: கப்பல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், காற்று, கடலின் ஆழம். நான் போன கப்பலில் ஒரு பெரியவர் தினமும் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிறிய நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். 'கீழே ஏறக்குறைய நான்காயிரம் மீட்டர்' என்று கேப்டன் சொன்னபோது அவர் தலை நிமிராமல் எழுதினார். எதிரே இருந்த அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

கப்பலின் ஆட்டத்தைப் பற்றிக் கவலை இருக்கும். பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரு பக்கமும் மீன் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு. கப்பல் பக்கவாட்டில் உருள்வதை அவை நன்றாகவே குறைக்கும். ஆனால் முன்பகுதி ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால்தான் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கச் சொல்கிறேன். உயரத்தில் முன்கோடியில் இருக்கும் அறைக்குக் காட்சியும் அதிகம், ஆட்டமும் அதிகம். வயிறு பிரட்டும் என்று தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு. அறைக்குள் சுருண்டு படுப்பதைவிட வெளியே வந்து அடிவானத்தைப் பார்ப்பது நல்லது. நீச்சல் குளத்தை வடித்து வலை போட்டு மூடிவிட்டார்கள் என்றால் கடல் முரண்டு பிடிக்கப்போகிறது என்று அர்த்தம்.

கைப்பேசியைக் கப்பல் கிளம்பும்போதே விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வழி வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஊர் திரும்பியதும் வரும் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். மேற்கே போகும் பயணமானால் இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொல்வார்கள், கூடுதல் தூக்கம். கிழக்கே போனால் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

முதல் பயணத்துக்கு ஒரு கடல் நாள் தாராளமாகப் போதும். ஐந்தாறு நாள் தொடர்ந்து கரையே வராத பெருங்கடல் பயணங்கள், புத்தகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவர்களுக்கு மட்டும். சின்னக் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றை விசாரியுங்கள்: குழந்தைகள் மன்றத்தில் எத்தனை வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்று. பல கப்பல்களில் 3 வயது நிரம்பி, டயப்பர் பழக்கம் விட்டிருந்தால்தான் அனுமதி.