இரண்டாம் நாள் ஸ்டீராய்டு

வணக்கம் டாக்டர்,

2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. அப்போது வயது 58, சர்க்கரை உண்டு. ஒன்பதாம் நாள் ஐசியூவில் சேர்த்தோம். ட்ரோபோனின் கூடியிருக்கிறது, ஹார்ட்டும் பாதித்திருக்கிறது என்றார்கள். எக்கோவில் பம்பிங் 42 சதவீதம். ஆஞ்சியோ செய்யவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 60 ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறார். வந்தது ஹார்ட் அட்டாக்தானா? ஆஸ்பிரின் ஆயுளுக்கும் வேண்டுமா? ஆகஸ்டில் போட்ட தடுப்பூசியால்தான் இதயம் கெட்டது என்கிறார் மாமா.

போன மாதம் மறுபடி காய்ச்சல். பழைய பயத்தில் இந்த முறை தாமதிக்கவில்லை. அழற்சி இதயத்துக்குப் போகக்கூடாதென்று இரண்டாம் நாளே மருந்துக்கடையில் டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) சேர்த்து ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 18தான் இருந்தது. இனியும் இப்படியே செய்யலாமா? கபசுரக் குடிநீரும் கொடுக்கலாமா?

சரவணன், கரூர்

அன்புள்ள சரவணன்,

மாமாவுக்கான பதில் முதலில். ட்ரோபோனின் ஏறியது மே மாதம், ஊசி போட்டது ஆகஸ்ட். காலண்டரை அவரிடம் காட்டுங்கள், அது போதும். கபசுரக் குடிநீரைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அடித்தது எது என்பதை அந்த எண் சொல்லாது. இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்தாலும் ஏறும். நாம் ஹார்ட் அட்டாக் என்பது அதைத்தான். கடுமையான கொரோனாவில் வேறு பல வழிகளும் உண்டு. ஆக்சிஜன் 80க்கு இறங்கி, நாடி 130ல் மணிக்கணக்காக ஓடினால் தசைக்கு வேண்டியது போய்ச் சேராது. நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்தால் இதயத்தின் வலது பக்கம் திணறும். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் தசை சுருங்கும் வலுவைக் குறைக்கும். சிறுநீரகம் படுத்தாலும் எண் கூடும். வைரஸ் புகுந்து, வெள்ளணுக்கள் குவிந்து, தசை அழியும் அசல் மயோகார்டைட்டிஸ் இந்த வரிசையில் அபூர்வம். கொரோனாவில் இறந்த 39 பேரின் இதயத்தை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆராய்ந்தபோது 24 பேரிடம் வைரஸ் இருந்தது. ஆனால் அழற்சி அணுக்கள் கூட்டமாகப் புகுந்திருக்கவில்லை.

42லிருந்து மூன்றே மாதத்தில் 60க்கு வந்தது நல்ல அறிகுறி. பெரிய குழாய் அடைத்துத் தழும்பான தசை பொதுவாக இவ்வளவு முழுதாகத் திரும்பாது. ஆனாலும் அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாது. அன்றைய இசிஜி எப்படி இருந்தது, ட்ரோபோனின் இரண்டாம் முறை எடுத்தார்களா, எக்கோவில் இதயம் முழுக்கவும் தளர்ந்திருந்ததா அல்லது ஒரு சுவர் மட்டும் அசையாமல் இருந்ததா: டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த மூன்றையும் தேடுங்கள். அதோடு இதய மருத்துவரிடம் போய், சிடி ஆஞ்சியோ தேவையா என்று கேளுங்கள். குழாய்கள் சுத்தமாக இருந்தால் ஆஸ்பிரினை நிறுத்துவதைப் பற்றி அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை எப்படியும் தொடரட்டும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த வயதில் அது வேண்டியதுதான்.

2020ல் வூஹானில் 416 நோயாளிகளை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். இதயம் அடிபட்ட 82 பேரில் பாதிக்குமேல், 51.2 சதவீதம், இறந்தார்கள். மற்றவர்களில் இறந்தது 4.5 சதவீதம். உங்கள் அப்பா அந்த முதல் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

புரிந்தாலும், நீங்கள் செய்த காரியத்துக்குக் கோபம் வருகிறது. மழைக்காலம் வந்தால் மருந்துக்கடை வாசல்களில் நடப்பதுதான் இது. உங்களைப்போல நன்றாகப் படித்து, நாலு கட்டுரை வாசித்தவர்களும் அதையே செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

கொரோனாவில் உயிர் காத்த மருந்துதானே டெக்ஸா என்பீர்கள். ஆமாம். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் அதைக் காட்டியது: நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2லிருந்து 23.3. எல்லோரும் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது வரி ஒன்று இருக்கிறது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து பெறாதவர்கள் இறந்தது 14.0 சதவீதம், பெற்றவர்கள் 17.8. மருந்துதான் கொன்றது என்று உறுதியாகச் சொல்லப் போதுமான வித்தியாசம் அல்ல. ஆனால் அவர்களுக்குப் பயன் எதுவும் தென்படவில்லை. பலன் தெரிந்தது நோய் தொடங்கி ஏழு நாள் தாண்டியவர்களிடம்தான். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மையா என்றும் அதே ஆய்வில் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும், அது இன்னும் வைக்கப்படாதவர்கள் அல்லது சாதாரண ஆக்சிஜனில் மட்டும் இருந்தவர்களுக்கு அளவை உயர்த்தியபோது இறப்பு 12லிருந்து 19 சதவீதம் ஆனது.

முதல் நாட்களில் உடம்பில் நடப்பது வைரஸ் பெருகுவதும், அதைத் தடுக்க இன்டர்ஃபெரான் சுரப்பதும். ஸ்டீராய்டு அந்தத் தடுப்பைத்தான் முதலில் அமுக்கும். ஒன்பதாம் நாள் கதை வேறு. பெரும்பாலும் அப்போது வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், எதிர்ப்பு மட்டும் கட்டுமீறி நுரையீரலையும் குழாய்களையும் அரித்துக்கொண்டிருக்கும். நடவுக்கு விடும் தண்ணீரை அறுப்புக்கு முதல் நாள் விட்டால் என்ன ஆகும் என்று காவிரிக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதயத்தைக் காக்கத்தான் கொடுத்தேன் என்கிறீர்களே, அதனால் இதையும் சொல்கிறேன். 1956ல் கில்போர்ன் என்ற அமெரிக்க வைரஸ் ஆய்வாளரும் அவர் குழுவினரும் எலிகளுக்கு, இதயத் தசையைத் தாக்கக்கூடிய காக்ஸாக்கி வைரஸைச் செலுத்தினார்கள். வளர்ந்த எலிகள் சாதாரணமாக அதைத் தாங்கிக்கொள்ளும். கூடவே கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இதயத் தசை புண்ணாகியிருந்தது. எலி மனிதன் அல்ல, சரி. மனிதர்களில் மயோகார்டைட்டிஸ் உறுதியான 111 பேருக்கு ஸ்டீராய்டோடு நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995ல் வெளிவந்தது. கொடுக்காதவர்களைவிட அவர்கள் இதயம் மேலாகிவிடவில்லை. சில அரிய வகைகளில் ஸ்டீராய்டு தேவை; பொதுவாகத் திசு எடுத்துப் பார்த்துத்தான் அதைத் தொடங்குவார்கள், கடைக்காரரைக் கேட்டு அல்ல.

மறுநாளே எழுந்து உட்கார்ந்தார் என்பதில்தான் ஆபத்து. ஸ்டீராய்டு காய்ச்சலை இறக்கும், உடம்புவலியைப் போக்கும், பசியைக் கிளப்பும், ஒரு தெம்பும் தரும். வைரஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். டெக்ஸாவின் வேலை ஒன்றரை நாளுக்குமேல் நீடிப்பதால் ஒரு மாத்திரை போட்டாலே நோயின் உண்மை நிலை இரண்டு நாளுக்கு மறைந்துபோகும். அந்த சிஆர்பி 18ஐ வைத்து ஆறுதல்படாதீர்கள். சிஆர்பியைக் கல்லீரல்தான் செய்கிறது. ஸ்டீராய்டு அதையும் அமுக்கும். அதே நேரம் வெள்ளணு எண்ணிக்கை கூடும். அதைப் பார்க்கும் இன்னொரு டாக்டர் பாக்டீரியா என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதுவார். சர்க்கரை, குறிப்பாகச் சாப்பாட்டுக்குப் பின் மாலையில், 300ஐத் தாண்டலாம். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தெரியாது. 2021ல் கருப்புப் பூஞ்சை எப்படிப் பரவியது என்று பார்த்தவர்கள் நாம். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளைத்தான் அது அதிகம் தேடிப் பிடித்தது.

அடுத்த முறை காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள்: 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். புரூஃபன் வகை வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்பதால் டெங்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உறுதியானால் அன்றே டாக்டரிடம் ஆஸ்பிரினைப் பற்றிக் கேளுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் பயப்பட வேண்டிய நாள். டெக்ஸா போட்டு இறக்கினால் அந்த நாள் எதுவென்றே தெரியாமல் போகும்.

நாடியை எண்ணி எழுதி வையுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி சுமார் பத்து கூடுவது இயல்பு. காய்ச்சல் இறங்கியும் ஓய்வில் 110க்குமேல் ஓடினால், அல்லது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், அன்றைக்கே இசிஜி, சில மணி நேர இடைவெளியில் இரண்டு ட்ரோபோனின், ஒரு எக்கோ. இது எதுவும் இல்லாதபோது பயத்துக்காக ட்ரோபோனின் எடுக்க வேண்டாம்.

இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை, போட்டிருக்க மாட்டார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எடுத்த கணக்கில், இன்ஃப்ளுயன்சா உறுதியான முதல் ஏழு நாளில் ஹார்ட் அட்டாக் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. வருடத்துக்கு ஒரு ஊசி, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில். மாமா தடுத்தாலும் போட்டுவிடுங்கள்.