கொரங்காட்டுக்கு யூரியா போடலாமா?

கேள்வி: நாலு ஏக்கர் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல் வர வர மெலிகிறது. யூரியா போட்டால் மண்ணின் நுண்ணுயிர்கள் செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், காங்கேயம்

பதில்: ஒரு தடவை போட்டதும் எல்லாம் செத்துவிடாது, அது மிகை. ஆனால் வருஷக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1856-ல் தொடங்கி இன்னும் நடக்கும் புல்வெளிச் சோதனையே சாட்சி: யூரியா மாதிரியே தழைச்சத்து உரமான, ஆனால் மண்ணை அதைவிடப் புளிக்கவைக்கும் அம்மோனியம் சல்பேட் கொட்டி, சுண்ணாம்பு இடாமல் விட்ட பாத்திகளில் மண்ணின் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 4-க்கும் கீழே இறங்கி, மண்புழு ஒழிந்து, மக்கவைக்க ஆளில்லாமல் காய்ந்த புல் மெத்தை மாதிரி மேலேயே படிந்து கிடக்கிறது. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அவ்வளவு புளிக்காது, சரி.

எனக்கென்னவோ சந்தேகம் மேய்ச்சல் மேல்தான். தழைய விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் வேருக்குச் சர்க்கரை இறங்காது. வேர் கசியவிடும் அந்தச் சர்க்கரையை நம்பித்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் பிழைக்கின்றன. கிளுவை வேலியால் மூன்றாகத் தடுத்து, மாற்றி மாற்றி மேயவிடுங்கள். அப்புறம், சாணியை வாரி விற்காதீர்கள். மழைக்குப் பிறகு ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மண் உறைபோல ஒட்டிக்கொண்டு வந்தால் நல்ல அறிகுறி.