‘இதோ வருகிறேன்’ என்றால் எப்போது?

கேள்வி: அக்டோபரில் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து அலபாமாவின் பிளாக் பெல்ட் பகுதியில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். கணவர் டாக்டர். விசா நிபந்தனைப்படி 3 வருடம் இங்கே இருந்தாக வேண்டும். ஊரே ஆமை வேகம். செப்டிக் டேங்க் இறைக்கிறவர் 3 வாரமாக ‘இதோ வருகிறேன்’ என்கிறார். கடையில் பின்னால் 6 பேர் காத்து நிற்க, கல்லாவில் இருக்கும் பெண் முன்னால் நிற்பவரின் பேரன் கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் அடுத்த பொருளைத் தொடுகிறார். பார்ப்பவரெல்லாம் ‘எந்த சர்ச்?’ என்கிறார்கள். இந்த மந்தத்துக்கு எப்படிப் பழகுவது? கூடக் கொண்டுவந்த கறிவேப்பிலைச் செடியாவது பிழைக்குமா?
– ஒரு வாசகி, அலபாமா

பதில்: கறிவேப்பிலைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் செப்டிக் டேங்க்காரர். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிப்ரவரியில் உங்கள் கொல்லை அவர் லாரியைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை.

பிளாக் பெல்ட் என்ற பெயர் முதலில் அந்த மண்ணின் நிறத்துக்கு வைத்தது. நம் கோவில்பட்டிக் கரிசலுக்குத் தூரத்துச் சொந்தம். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும். பருத்திக்கு வாகான மண் என்பதால்தான் அங்கே அத்தனை ஆயிரம் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாளில் பெயர் அந்த மக்களையும் குறிக்கத் தொடங்கியது. குளிர்கால மழையில் அந்த மண் சேறு. ஒரு சராசரி வீட்டுத் தொட்டி 1,000 காலன். அதை உறிஞ்சினால் கழிவின் எடை மட்டுமே 3.8 டன் ஏறும். அந்தச் சுமையோடு லாரி புதைந்தால் இழுத்து வெளியேற்றும் செலவு அவருடையது, உடைந்த குழாய் உங்களுடையது.

அதே மண்தான் பெரிய சிக்கலுக்கும் காரணம். தொட்டியிலிருந்து வழியும் நீர், புதைத்த குழாய்கள் வழியே நிலத்தில் இறங்க வேண்டும். உப்பிய களிமண் அதை உறிஞ்சாது. அங்கே லவுண்டஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) கழிவுநீர் கொல்லையிலேயே தேங்கும் அவலம் நாடறிந்த செய்தி. ஆகவே இந்த வாரமே கவுண்டி சுகாதாரத் துறையில் உங்கள் வீட்டின் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். தொட்டி எங்கே, குழாய்கள் எந்தப் பக்கம், என்ன வகை என்று அதில் வரைபடம் இருக்கும். பழைய வீடாக இருந்து பத்திரமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், கவலைப்பட வேண்டிய தகவல். 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை இறைக்க வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் எப்போது இறைத்தார் என்று வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிவையுங்கள்.

லாரி வரும்வரை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உறைந்து வெளிப்போக்குக் குழாயை அடைக்கும். ‘கழிப்பறையில் போடலாம்’ என்று அச்சிட்ட ஈரத் துடைப்பான் எதையும் நம்பாதீர்கள். சனிக்கிழமை ஒரே நாளில் 6 சுமை துணி துவைக்கும் எடிசன் பழக்கம் இங்கே ஆகாது. நாளுக்கு ஒன்று போதும். குழாய் புதைந்த இடத்தில் விருந்தாளி காரை நிறுத்த விடாதீர்கள். சிங்க்கில் களகள சத்தம், குளியலறை நீர் தயங்கி இறங்குவது, ஒரு பட்டையில் மட்டும் புல் கரும்பச்சையாய் நிற்பது, இதில் ஒன்றைக் கண்டால் காத்திருக்காமல் அவரைக் கூப்பிட்டு, எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். மூடி மண்ணுக்குள் இருந்தால் இடத்தைக் கண்டுபிடித்து முன்கூட்டியே தோண்டிவைத்துவிட்டு, அதையும் சொல்லுங்கள். நாலு நாள் வெயில் அடித்த பிறகு காலையில் கூப்பிட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அவர் சொன்ன சொல் எது என்பதையும் கவனியுங்கள். தெற்கில் ‘டைரெக்ட்லி’ என்றால் நேரே, உடனே என்று பொருள் இல்லை. கைவேலை முடிந்த பின், போகிற போக்கில் என்று பொருள். ‘ஃபிக்சின் டு’ என்றால் கிளம்பும் எண்ணம் வந்துவிட்டது, இன்னும் எழவில்லை. நாம் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே ‘வந்துட்டேன், பக்கத்துலதான்’ என்று சொல்கிற இனம். இதில் நமக்கு அதிர்ச்சியடைய உரிமை குறைவு. நவம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை மான் வேட்டைக் காலம். அப்போது தச்சரும் மின்காரரும் விடியலில் காட்டில் இருப்பார்கள். தள்ளிப்போடக் கூடிய வேலையை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். புதன் மாலை சர்ச் வகுப்பு, வெள்ளி இரவு பள்ளி ஃபுட்பால், சனி முழுக்க கல்லூரி ஃபுட்பால். அப்போதெல்லாம் போன் அடிக்க வேண்டாம். அலபாமாவா, ஆபர்னா (பரம எதிரிகளான இரு பல்கலைக்கழக ஃபுட்பால் அணிகள்) என்று கேட்டால் சிரித்து மழுப்பினாலும் பரவாயில்லை, ‘அது என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

இனி கல்லாப் பெண். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கதை கேட்கவில்லை, அந்தக் கதையும் அங்கே வேலைதான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாரிடம் டிராக்டர் சும்மா நிற்கிறது, யார் தண்ணீர்க் குழாய் ஒழுங்காகப் போடுவார் என்ற விவரமெல்லாம் அந்த வரிசையில்தான் கைமாறுகிறது. உங்கள் முறை வந்ததும் நேரே ‘இது எவ்வளவு?’ என்று தொடங்கினால் அங்கே அது முகத்திலடித்த மாதிரி. ‘ஹவ் ஆர் யூ டுடே, மேம்?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு கேளுங்கள். 20 விநாடி செலவு. வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் ‘சார்’, ‘மேம்’. நன்கு தெரிந்த மூத்த பெண் என்றால் முதற்பெயருக்கு முன் ‘மிஸ்’ சேர்ப்பார்கள், கல்யாணமாகிப் பேரன் எடுத்தவராக இருந்தாலும். நம் ‘அக்கா’ மாதிரி. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் நீங்களும் தூக்குங்கள். விளக்கெரிய வரிசையாக வரும் சவ ஊர்வல வண்டிகளைக் கண்டால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அதைத் தாண்டிப் போன காரை ஊர் மறக்காது.

‘எந்த சர்ச்?’ என்பது பெரும்பாலும் மதமாற்ற விசாரணை இல்லை. ‘நீங்க எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?’ என்று நம் பக்கத்தில் கேட்பது போல, உங்களை எந்த அலமாரியில் வைப்பது என்று பார்க்கிறார்கள். ‘நாங்கள் இந்துக்கள், பர்மிங்ஹாம் பக்கம் பெல்ஹமில் கோயில் இருக்கிறது, முடிந்தபோது போகிறோம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ‘நீங்கள் எங்கே போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். சொற்பொழிவு வேண்டாம். அழைத்தால் ‘அழைத்ததற்கு நன்றி’ போதும். மூன்றாவது முறையும் வற்புறுத்துகிறவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரை ஊரின் கணக்கில் எழுதாதீர்கள்.

சாப்பாட்டு அழைப்பில் ஒரு பொறி உண்டு. அங்கே பெரியவர்கள் ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடு, இரவுக்கு ‘சப்பர்’. ஞாயிறு டின்னருக்கு ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். சைவமாக இருந்தால் ‘இதில் இறைச்சி உண்டா?’ என்ற கேள்வி பத்தாது. ‘இல்லை’ என்பார்கள், மனமறிந்து பொய்யும் இல்லை. ஆனால் காராமணியையும் காலர்ட் கீரையையும் பன்றிக்கால் எலும்போடோ பேக்கன் கொழுப்பிலோ வேகவைத்திருப்பார்கள். அது அவர்களுக்கு இறைச்சி அல்ல, தாளிப்பு. ‘எதில் வேகவைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். வெண்டைக்காயும் அவித்த வேர்க்கடலையும் அங்கே எங்கும் கிடைக்கும், தயங்க வேண்டாம். யாராவது பாத்திரத்தில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால் அடியில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழுவி, வெறுமனே தராமல் எதையாவது வைத்துத் திருப்பிக் கொடுங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனிதர்கள் மெதுவாக இருக்கிறார்கள் என்று புகார் சொல்லும் நீங்கள், அங்கே எவை வேகமானவை என்று பார்த்தீர்களா? உங்கள் அவசரம் முழுவதையும் அவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள்.

முதலாவது ‘டொர்னாடோ’ என்கிற சுழற்காற்று. 2011 ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் அலபாமாவில் 62 சுழற்காற்றுகள். வசந்த காலத்தில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், செல்மா நகரை அடித்தது 2023 ஜனவரி 12-இல். இரவிலும் வரும். ‘வாட்ச்’ என்றால் வரக்கூடும், ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது. ஊர்ச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது. உறங்குகிறவரை எழுப்பும் என்று நம்ப முடியாது. பேட்டரியில் இயங்கும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் கவுண்டியின் குறியீட்டை அதில் பதியுங்கள். பதியாவிட்டால் சுற்றியுள்ள கவுண்டிகளுக்கெல்லாம் அலறும், நாலாம் இரவு நீங்களே அணைத்துவிடுவீர்கள். கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத உள்ளறையைத் தேர்ந்து, அங்கே காலணியும் சைக்கிள் ஹெல்மெட்டும் வையுங்கள். உடைந்த கண்ணாடியும் தலைக்காயமும்தான் பயம். ‘மொபைல் ஹோம்’ என்கிற சக்கர வீட்டில் குடியிருந்தால் ‘வாட்ச்’ வந்தவுடனே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது நெருப்பெறும்பு. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி 1930களில் உங்கள் மாநிலத்தின் மொபைல் துறைமுகத்தில் இறங்கியது. புற்றைக் காலால் கிளறினால் நூற்றுக்கணக்கில் ஏறிய பிறகுதான் கடிக்கத் தொடங்கும். ஏப்ரலில், மண் காய்ந்திருக்கும் நாளில் ஒரு உருளைக்கிழங்கு வறுவலைப் புல்லில் போடுங்கள். அரை மணிக்குள் மொய்த்தால் இரை தேடுகின்றன என்று பொருள். அன்றே விஷ இரையைத் தூவுங்கள், ஏக்கருக்கு 1 முதல் 1½ பவுண்டு. புற்றின் தலையில் கொட்டாதீர்கள், கொல்லை முழுக்கப் பரவலாக வீசுங்கள். அது சோயா எண்ணெயில் ஊறிய சோள நொய். நனைந்தாலோ சிக்கெடுத்தாலோ எறும்பு சீந்தாது. போன வருடப் பையில் மிச்சமிருந்ததைப் போட்டுவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய. பலன் தெரிய சில வாரம் ஆகும்.

உண்ணியும் உண்டு. ‘லோன் ஸ்டார்’ உண்ணி கடித்தவர் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி தின்ற சில மணி நேரம் கழித்து உடல் தடிக்கும், மூச்சும் முட்டலாம். டாக்டர் வீடு என்பதால் இதோடு விடுகிறேன்.

அந்த 3 வருடம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நிபந்தனை பெரும்பாலும் 1994-இல் வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில் வந்த ஏற்பாடாக இருக்கும். பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் நாடு திரும்பாமல் இங்கேயே வேலை பார்க்க வழி: மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர், பெரும்பாலும் டாக்டர் போதாத ஊர்களுக்கு. உங்கள் கணவரின் மருத்துவமனையில் நாளை உட்காரப்போவது அந்த செப்டிக் டேங்க்காரரின் அம்மாவாகக்கூட இருக்கலாம். உங்கள் கணவர் 15 நிமிடத்தில் முடித்து எழுப்பிவிடுகிறாரா, பேரன் கதையைக் கேட்கிறாரா என்று கல்லா வரிசையில் பேசிக்கொள்வார்கள்.

கறிவேப்பிலை பிழைக்கும், பூந்தொட்டியில் இருந்தால். அந்தக் களிமண்ணில் நட்டால் வேர் அழுகும், குளிர் கடுமையான இரவில் மைனஸ் 7 டிகிரிக்கும் கீழே போகும். இரவு 5 டிகிரியைத் தொடும் முன் உள்ளே எடுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தூக்கம்தான். ஏப்ரலில் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். புளித்த மோர் ஊற்றும் வழக்கம் இருந்தால் வீட்டு மோரையே ஊற்றுங்கள். கடையில் ‘பட்டர்மில்க்’ என்று விற்பதில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். செடிக்கு ஆகாது. மோர்க்குழம்புக்கு அருமை.