பேரண்டத்தின் உள்ளடக்கம் மாறிக்கொண்டே வந்த கதை: கேள்வி-பதில்

கேள்வி: பேரண்டத்தில் கரும் ஆற்றல் 68%, கரும்பொருள் 27%, நாம் அறிந்த சாதாரணப் பொருள் 5% என்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே இதே விகிதம்தானா?

பதில்: இல்லை. இவை இன்றைய நிலவரத்தைக் காட்டும் எண்கள் மட்டுமே. (கரும் ஆற்றல் என்பது பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும், இன்னதென்று இன்னும் அறியப்படாத ஆற்றல். கரும்பொருள் என்பது ஒளியை உமிழாத, ஈர்ப்பின் மூலமே உணரப்படும் பொருள்.) பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்து முதல் அணுக்கள் உருவான காலத்தில் கரும்பொருள் 63%, ஒளி 15%, அணுக்கள் 12%, நியூட்ரினோக்கள் எனப்படும் மிக இலேசான நுண்துகள்கள் 10% என்ற அளவில் இருந்தன. கரும் ஆற்றலின் பங்கு பொருட்படுத்தவே முடியாத அளவுக்குச் சிறியது. அதற்கும் முன்பு, ஏறத்தாழ முதல் 50,000 ஆண்டுகளில், கதிர்வீச்சின், அதாவது ஒளியும் நியூட்ரினோக்களும் சேர்ந்த ஆற்றலே மற்ற எல்லாவற்றையும் விஞ்சி நின்றது.

கேள்வி: அவ்வளவு ஒளியும் எங்கே போயிற்று? அழிந்துவிட்டதா?

பதில்: ஒளித்துகள்கள் அழியவில்லை, அவற்றின் ஆற்றல்தான் மெலிந்துவிட்டது. விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான தொலைவு இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். ஆகவே பொருளின் அடர்த்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒளிக்கு இன்னுமோர் இழப்பு உண்டு: விரியும் வெளியோடு அதன் அலைநீளமும் இரு மடங்காவதால் ஒவ்வொரு துகளின் ஆற்றலும் பாதியாகிறது, எனவே அதன் ஆற்றல் அடர்த்தி பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. கரும் ஆற்றலோ, இதுவரை நன்கு ஒத்துவரும் எளிய விளக்கத்தின்படி, வெளி எவ்வளவு விரிந்தாலும் அடர்த்தி குறையாமல் நிற்கிறது. விகிதம் மாறியதற்கு முதன்மையான காரணம் இந்த வேறுபாடுதான்.

இன்று வெற்று வெளியின் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால்கூட அதில் அந்தப் பழைய ஒளியின் துகள்கள் சுமார் 411 இருக்கும். சாதாரணப் பொருளோ சராசரியாக நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான் என்ற அளவில்தான் இருக்கிறது. எண்ணிக்கையில் இத்தனை பெரும்பான்மை இருந்தும் அந்த ஒளியின் ஆற்றல் மொத்தத்தில் 0.01 சதவீதம்கூட இல்லை என்பது, என் பார்வையில், இந்தத் துறையின் மிக அழகான உண்மைகளுள் ஒன்று.

கேள்வி: கரும் ஆற்றல் எப்போது முன்னணிக்கு வந்தது?

பதில்: சுமார் 350 முதல் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது சூரியனும் பூமியும் தோன்றிய பிறகு, அதன் அடர்த்தி பொருளின் அடர்த்தியை முந்தியது. ஆனால் அதன் விலக்கு விசை அதற்கும் முன்னரே வென்றுவிட்டது: விரிவு வேகமெடுக்கத் தொடங்கி ஏறக்குறைய 600 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 1998 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) அளந்து இந்த வேகமெடுப்பைக் கண்டறிந்தன.

கேள்வி: சாதாரணப் பொருளுக்குள்ளும் மாற்றம் நடந்ததா?

பதில்: நடந்தது, ஆனால் மெதுவாக. முதல் சில நிமிடங்களிலேயே நிறையில் சுமார் 75% ஹைட்ரஜன், 25% ஹீலியம் என்று அமைந்துவிட்டது. கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலியவற்றை விண்மீன்கள் பின்னர் உருவாக்கின. சூரியனில்கூட அத்தகைய கனமான தனிமங்கள் 2 சதவீதத்துக்கும் குறைவே.

கேள்வி: எதிர்காலத்தில்?

பதில்: கரும் ஆற்றல் மாறாமல் நீடித்தால், சுமார் 1,100 கோடி ஆண்டுகளில் தொலைவுகள் இரு மடங்காகி, கரும்பொருளும் சாதாரணப் பொருளும் சேர்ந்த பங்கே மொத்தத்தில் 5 சதவீத அளவுக்குச் சுருங்கும். ஆயினும் 2024, 2025 ஆண்டுகளில் வெளியான டெசி (DESI) ஆய்வின், அதாவது விண்மீன் மண்டலங்களின் இருப்பிடங்களை வரைபடமாக்கும் ஆய்வின் அளவீடுகள், கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வரலாம் என்ற குறிப்பைத் தருகின்றன. அது இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் இந்தக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.