வீடு மாத்துனதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்ல 'நோ சிக்னல்' வருதா? மதர்போர்டு போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துடுங்க

கேள்வி: சார், போன வாரம் சென்னைல இருந்து மதுரைக்கு வீடு மாறி வந்தோம். சாமானோட சாமானா கம்ப்யூட்டரும் லாரிலதான் வந்துச்சு. இங்க வந்து மாட்டிப் பாத்தா ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, உள்ள கலர் லைட்டு எல்லாம் எரியுது, ஆனா மானிட்டர்ல 'நோ சிக்னல்'னு ஒரு தடவ வந்துட்டு கருப்பாயிடுது. ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு. பக்கத்து கடைல ஃபோன் பண்ணி கேட்டா மதர்போர்டு போயிருக்கும், கொண்டு வாங்கன்றாங்க. கிளம்புன அன்னைக்கு காலைல வரைக்கும் நல்லா ஓடுச்சு. என்ன பண்ணலாம்?

பதில்: காலைல வரைக்கும் நல்லா ஓடுச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுதாங்க இதுல பெரிய விஷயமே. ஓடிக்கிட்டு இருந்த மெஷின ஆஃப் பண்ணி வயரெல்லாம் உருவி லாரில ஏத்தி 450 கிலோமீட்டர் குலுக்கி எடுத்து வந்து மறுபடி வயர் சொருகியிருக்கீங்க, நடுவுல கரண்டே ஏறல, அதனால ஏதாவது எரிஞ்சு போயிருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஒண்ணு, உள்ள ஏதோ உக்காந்திருந்த எடத்த விட்டு அசைஞ்சிருக்கு, இல்லன்னா இங்க வந்து மாட்டும்போது ஏதோ வயர் எடம் மாறியிருக்கு. பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணாதான் இருக்கும். மெஷின கண்ணால பாக்காம ஃபோன்லயே மதர்போர்டு போச்சுன்னு சொல்றத நம்பி பணத்த எடுத்து வச்சிடாதீங்க.

இன்னொண்ணு, ஃபேன் சுத்துது லைட் எரியுதுன்னா மெஷின் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல. எஸ்எம்பிஎஸ்ல (உள்ள இருக்கற பவர் சப்ளை டப்பா) இருந்து 12 வோல்ட் 5 வோல்ட் வந்தா போதும், ப்ராசசர் வேலையே செய்யலன்னாலும் ஃபேனும் லைட்டும் ஜோரா ஓடும். அதனால மொதல்ல கண்டுபிடிக்க வேண்டியது, மெஷின் உள்ளுக்குள்ள பூட் ஆயிடுச்சா, அதாவது முழுசா ஸ்டார்ட் ஆயிடுச்சா, படம் மட்டும்தான் வரலையா, இல்ல பூட்டே ஆகலையான்றதுதான். இதுக்கு ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேணாம். ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் விடுங்க, அப்புறம் கீபோர்டுல கேப்ஸ் லாக்க தட்டுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த குட்டி லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையுதுன்னா உங்க மெஷின் உயிரோட இருக்கு, விண்டோஸ் வரைக்கும் கூட போயிருக்கும், பிரச்சனை மானிட்டர், கேபிள், கார்டு இந்தப் பக்கம்தான். லைட்டு அசையவே மாட்டேங்குதுன்னா பூட் ஆகாம நடுவுல நிக்குது, அப்போ ரேம் பக்கம் சந்தேகம் போகணும். வயர்லெஸ் கீபோர்டுல பல மாடல்ல இந்த லைட்டே கிடையாது, வயர் உள்ள ஒரு கீபோர்ட யார்கிட்டயாவது வாங்கி, பின்னாடி இருக்கற யுஎஸ்பில சொருகி பாருங்க.

அடுத்து கேபினெட்டுக்கு பின்னாடி போய் எச்டிஎம்ஐ கேபிள் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. உங்க கான்ஃபிகரேஷன படிச்சதுமே எனக்கு மொத சந்தேகம் இங்கதான் வந்துச்சு. பி450 போர்டு பெரும்பாலானதுல பின்னாடி யுஎஸ்பி, ஆடியோ ஓட்டையெல்லாம் இருக்கற மேல் பகுதியில ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அதுக்கு கீழ கிராபிக்ஸ் கார்டுல இன்னொரு எச்டிஎம்ஐ, இது படுக்கை வசத்துல இருக்கும். வீடு மாத்துன களைப்புல, சுவத்து ஓரமா கைய விட்டு தடவி சொருகும்போது மேல இருக்கறதுதான் கைக்கு மொதல்ல அகப்படும். ஆனா ரைசன் 5 3600க்குள்ள கிராபிக்ஸே கிடையாது, அதனால மதர்போர்டுல இருக்கற அந்த ஓட்டைல இருந்து எந்த காலத்துலயும் படம் வராது, 3400ஜி, 5600ஜி மாதிரி பேருல ஜி இருக்கற ப்ராசசர் போட்டாதான் அது வேலை செய்யும். இன்டெல்ல 10400எஃப், 12400எஃப்னு கடைசில எஃப் போட்டு வர்றதுக்கும் இதே கதைதான். கீழ படுத்திருக்கற கார்டுல மாத்தி சொருகுங்க. இதுலயே சரியாயிடுச்சுன்னா இதுக்கு மேல படிக்கவே வேணாம்.

சரியா கார்டுலதான் இருக்குன்னா மானிட்டர சந்தேகப்படுங்க. பேக் பண்ணும்போது, துணி சுத்தும்போது எல்லாம் மானிட்டர் பட்டன் அழுந்தி இன்புட் மாறியிருக்கும், நீங்க எச்டிஎம்ஐல சொருகியிருப்பீங்க, அது விஜிஏவயோ டிஸ்ப்ளே போர்ட்டயோ பாத்துக்கிட்டு நிக்கும். மெனு பட்டன அமுக்கி இன்புட்ட மாத்துங்க. அதே கேபிள், அதே மானிட்டர்ல ஒரு லேப்டாப்போ செட்டாப் பாக்ஸோ மாட்டி படம் வருதான்னு பாத்துட்டா மானிட்டர், கேபிள் ரெண்டு மேலயும் சந்தேகம் ஒரே அடியா தீந்துடும். டிஸ்ப்ளே போர்ட் கேபிளா இருந்தா பல கேபிள்ல தலைல ஒரு சின்ன கொக்கி இருக்கும், பட்டன அமுக்காம இழுத்து உருவியிருந்தா அது நசுங்கியிருக்கலாம், அதையும் வெளிச்சத்துல பாத்துடுங்க.

இது எதுலயும் சரியாகலன்னா கேபினெட்ட தொறக்க வேண்டியதுதான், பயப்பட ஒண்ணும் இல்ல. தொறக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துடுங்க, எங்கயாவது நசுங்கியிருந்தா அத கிட்ட போய் எடுங்க, பேக்கர்ஸ்கிட்ட இன்சூரன்ஸ் கட்டியிருந்தா நாளைக்கு இதுதான் உங்களுக்கு ஆதாரம், நீங்களே தொறந்து கெடுத்துட்டீங்கன்னு பேச்சு வரக்கூடாது. அப்புறம் எஸ்எம்பிஎஸ் பின்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணி, பவர் கேபிள உருவி, முன்னாடி பவர் பட்டன பதினஞ்சு இருபது செகண்ட் அமுக்கி புடிங்க, உள்ள மிச்சம் இருக்கற கரண்டு வடிஞ்சிடும். கேபினெட்ட தரைல படுக்க வைங்க, கார்பெட், பெட்ஷீட் மேல வேணாம். உள்ள கைய விடறதுக்கு முன்னாடி கேபினெட்டோட பெயின்ட் அடிக்காத இரும்புல ஒரு தடவ கைய வைங்க. எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீங்க, கரண்ட உருவி வச்சிருந்தாலும் அதுக்குள்ள இருக்கற கெபாசிட்டர்ல ஆள தூக்கிப் போடற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.

மொதல்ல கிராபிக்ஸ் கார்டு. அது வெயிட்டான சாமான், ஒரு பக்கம் ஸ்க்ரூவும் அடில ஸ்லாட்டும் மட்டும்தான் அத புடிச்சிருக்கு, லாரில கேபினெட் நட்டுக்குத்தலா நின்னு வந்திருந்தா ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த கார்டு மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே வந்திருக்கும். ஸ்லாட்ட விட்டு ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டாலும் போதும், ஃபேன் சுத்தும், படம் வராது. வெளிய இருந்து பாத்தா சரியா இருக்கற மாதிரிதான் தெரியும், அதனால கைல அமுக்கி பாத்துட்டு விட்டுடாம முழுசா கழட்டி மாட்டுங்க. பின்பக்க ஸ்க்ரூவ எடுத்து, கார்டுக்கு வர்ற பவர் வயர உருவி, ஸ்லாட்டோட வாலுல இருக்கற லாக்க அமுக்கி புடிச்சுக்கிட்டே நேரா மேல தூக்கணும். அந்த லாக்க கவனிக்காம இழுத்து ஸ்லாட்டையே ஒடைச்சவங்க நிறைய பேரு. திரும்ப வைக்கும்போது டக்குனு அந்த லாக் விழற சத்தம் கேக்கணும். ஸ்லாட்ல இருந்து அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும், 1660 சூப்பருக்கு 125 வாட் வேணும், அதனால எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பவர் வயர் கட்டாயம் தேவை, பெரும்பாலான 1660 சூப்பர்ல அது 8 பின். 6 பின்னும் 2 பின்னும் தனித்தனியா பிரியற வயரா இருந்தா ரெண்டும் சேந்து கடைசி வரைக்கும் போயிருக்கான்னு பாருங்க. கையோட கையா ப்ராசசர் பக்கத்துல மேல் மூலைல இருக்கற 8 பின் வயரயும், ஓரத்துல இருக்கற பெரிய 24 பின் வயரயும் ஒரு அமுக்கு அமுக்கிடுங்க, அந்த மேல் மூலை வயர் லூஸா இருந்தாலும் உங்களுக்கு இதே அறிகுறிதான் வரும்.

அடுத்து ரேம். கேப்ஸ் லாக் லைட்டு அசையலன்னா கார்டுக்கும் முன்னாடி இதையே பாருங்க. ரெண்டு ரேமையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ண மட்டும் போடுங்க, நாலு ஸ்லாட் போர்டுன்னா ப்ராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட், அத ஏ2ன்னு பல போர்டுல எழுதியிருப்பாங்க. ரேம்ல இருக்கற வெட்டு நடுவுல இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும், ஸ்லாட்டோட மேட்டுக்கு அத நேரா வச்சு ரெண்டு ஓரத்துலயும் கட்டை விரலால சமமா அமுக்குனா க்ளிக்குனு உக்காரும். ரொம்ப பேரு பாதி அமுக்குனதும் போர்டு வளையுதேன்னு பயந்து நிறுத்திடுவாங்க, க்ளிக் வர்ற வரைக்கும் அமுக்கத்தான் வேணும். தங்க கலர் காண்டாக்ட்ல கருப்பு கருப்பா தெரிஞ்சா நம்ம ஊரு கடைல எல்லாம் பண்ற மாதிரி பென்சில் ரப்பர் போட்டு தேய்க்கலாம், அது நிஜமாவே வேலை செய்யுது, ஆனா வெள்ளை ரப்பர் மட்டும், லேசா, தேய்ச்ச தூள ஒண்ணு விடாம தட்டிட்டு போடணும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைச்சா அதுல துணிய நனைச்சு தொடைக்கறது இன்னும் நல்லது. ஸ்லாட்டுக்குள்ள எதையும் விட்டு நோண்டாதீங்க.

இப்போ ஆன் பண்ணிட்டு பொறுமையா இருங்க. ரேம மாத்தி போட்டா இந்த மெஷின் தானா ரெண்டு மூணு தடவ ஆஃப் ஆகி ஆன் ஆகலாம், அது கோளாறு இல்ல, ரேம பரிச்சயம் பண்ணிக்குது. ரெண்டு நிமிஷமாவது குடுங்க. வரலன்னா அதே ஸ்லாட்ல அடுத்த ரேம், அதுக்கும் வரலன்னா வேற ஸ்லாட். நிறைய போர்டுல ஓரமா சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு எழுதி நாலு குட்டி லைட்டு இருக்கும், ஆன் பண்ணதும் ஒவ்வொண்ணா எரிஞ்சு அணையணும், எதுல போய் நிக்குதோ அங்கதான் கோளாறு. விஜிஏல நின்னா கார்டு, டிராம்ல நின்னா ரேம். விலை கம்மியான சில பி450ல இந்த லைட்டு இருக்காது, அப்போ கடைல கிடைக்கற 4 பின் குட்டி ஸ்பீக்கர் ஒண்ண வாங்கி போர்டுல மாட்டுனா பீப் சத்தத்த வச்சு சொல்லிடலாம், எத்தன பீப்புக்கு என்ன அர்த்தம்னு போர்டோட மேனுவல்ல பாருங்க.

இதுக்கும் வரலன்னா பயாஸ, அதாவது மெஷின ஸ்டார்ட் பண்ற போர்டோட சொந்த புரோகிராம் செட்டிங்க, ரீசெட் பண்ணலாம். கரண்ட உருவிட்டு போர்டுல இருக்கற வட்டமான சிஆர்2032 பேட்டரிய எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க. மெஷின் ரொம்ப நாள் பழசுன்னா புது பேட்டரியே போட்டுடுங்க, 3 வோல்ட் செல்தான், வாட்ச் கடைல கூட கிடைக்கும். ஆனா விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரீசெட்டுக்கு அப்புறம் 48 நம்பர் ரெகவரி கீ கேக்கலாம், பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே சேவ் ஆகியிருக்கும், ஃபோன்ல அத எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் பேட்டரில கைய வைங்க.

ஒரு எடத்துல மட்டும் அவசரப்படாதீங்க, ப்ராசசர் மேல இருக்கற கூலர். ரைசன் 3600ல பின்னு எல்லாம் ப்ராசசரோட அடிலதான் இருக்கு, 1331 பின்னு, தலைமுடி மாதிரி மெல்லிசு. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவியிருக்கற பேஸ்ட் காஞ்சு போயிருந்தா கூலர தூக்கும்போது ப்ராசசரும் ஒட்டிக்கிட்டு சாக்கெட்ட விட்டு பிடுங்கிக்கிட்டு வந்துடும், பின்னு வளைஞ்சா அது உண்மையான செலவு. கூலர் ஆடுதான்னு விரலால மெதுவா தொட்டு மட்டும் பாருங்க, ஆடலன்னா அத விட்டுடுங்க. கேபினெட் அடில ஸ்க்ரூ ஏதாவது கழண்டு உருண்டுக்கிட்டு இருக்கான்னு மட்டும் டார்ச் அடிச்சு பாருங்க, போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூ சிக்கியிருந்தாலும் ஷார்ட் ஆகி பூட் ஆகாது.

புது வீட்டு கரண்டுனாலதான் படம் வரலைன்றது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய யுபிஎஸ் எதுவும் நடுவுல இல்லாம நேரா சுவத்து ப்ளக்குல மாட்டி ஒரு தடவ பாருங்க. கேபினெட்ட தொட்டா ஜிவ்வுனு இழுக்குதுன்னா அந்த ப்ளக்குல எர்த் இல்ல, அத எலக்ட்ரீஷியன வச்சு சரி பண்ற வரைக்கும் மெஷின ஓட்டாதீங்க.

இவ்வளவு பாத்தும் வரலன்னா கடைக்கு கொண்டு போங்க, ஆனா போய் மதர்போர்டு பாருங்கன்னு ஆரம்பிக்காதீங்க, வேற ஒரு கார்டும் வேற ஒரு ரேமும் போட்டு என் முன்னாடியே டெஸ்ட் பண்ணி காட்டுங்கன்னு கேளுங்க. நியாயமான கடைக்காரங்க அத மறுக்க மாட்டாங்க. வாங்குன பில்ல தேடி எடுத்துக்கங்க, எந்த பார்ட்டுக்காவது வாரண்டி மிச்சம் இருக்கலாம். மெஷின கடைல விட்டுட்டு வர்றதா இருந்தா எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்க கழட்டி வீட்டுலயே வச்சுட்டு போங்க, டிஸ்ப்ளே டெஸ்ட் பண்ண அது தேவையே இல்ல, குடும்ப ஃபோட்டோ எல்லாம் அதுலதான இருக்கும்.

மறுபடி எழுதறதா இருந்தா மூணு விஷயம் சொல்லுங்க: கேப்ஸ் லாக் லைட்டு மாறுச்சா, ஏ2ல ஒத்த ரேம் போட்டப்போ என்ன ஆச்சு, போர்டுல எந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டே நின்னுச்சு. போர்டோட முழு மாடல் பேர ஒரு ஃபோட்டோவா அனுப்புனீங்கன்னா அதுக்கு மேல என்னன்னு பாத்துடலாம்.