ஓமந்தைக் கிணற்றுக் கல்

வணக்கம். இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள ஓமந்தையில் கிணறு வெட்டும்போது வந்த இளஞ்சிவப்புக் கல் கிரனைட்டா, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, ஒரே பக்கமாக வரிவரியாக ஓடுகின்றன. அதனால் இது வெறும் கிரனைட் இல்லை, அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய, வரிகள் ஓடும் கிரனைட் நைஸ் (gneiss) என்ற பாறை என்றே நினைக்கிறேன்.

உடைந்த முகத்தைக் கழுவி வெயிலில் மெல்லத் திருப்புங்கள். இளஞ்சிவப்பு மணிகள் கண்ணாடித் துண்டு போலப் பளிச்சென்று மின்னினால் அது பொட்டாசியம் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம். சாம்பல் நிறத்தில், ஒழுங்கில்லாமல் உடைந்திருப்பது குவார்ட்ஸ். கறுப்பை ஊசியால் கிளறுங்கள். தகடு தகடாக உரிந்தால் பயோடைட் மைக்கா. உரியாவிட்டால் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட்.

புவியியலாளர்கள் உங்கள் பகுதியின் அடிப்பாறைக்கு வைத்த பெயரே வன்னித் தொகுதிதான் (Wanni Complex)! சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்துக்கு வெகு ஆழத்தில் வெந்து, மடிப்பாக வளைந்த பாறை இது.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கல் அடிப்பாறையிலிருந்து உடைத்ததா, மேல்மண்ணில் தனியாகக் கிடந்ததா? தனிக்கல் என்றால் லொறியில் வேறு ஊரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.